அண்ணாச்சி நோட்டும் அன்சப்ஸ்க்ரைப் பட்டனும்

பாஸ்... ஒரு நிமிஷம். உங்க மெயில் இன்பாக்ஸைக் கொஞ்சம் திறங்க. ப்ளேஸ்மென்ட் செல் அனுப்பின மெயில் ஒண்ணு, ஹால் டிக்கெட் மெயில் ஒண்ணு... இதைத் தவிர மத்ததெல்லாம் என்ன? 'உங்களுக்காகவே ஸ்பெஷல் ஆஃபர்', 'உங்க பாயின்ட்ஸ் இன்னும் 2 நாள்ல காலாவதி', 'உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்!' கூடப் படிக்கிற ஒரு ஜீவன்கூட நம்மளை இப்படி மிஸ் பண்ணினது கிடையாது. என்னைக்கோ ஒரு நாள் ஒரே ஒரு சட்டை வாங்கின கடை, ராத்திரி 11 மணிக்கு உருகி உருகி மெயில் போடுது!

அந்த உருகலுக்குப் பின்னாடி யார் இருக்காங்கனு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதே இல்லை. இந்தக் கோடை லீவுல 45 நாள், அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்துட்டு வந்திருக்கேன். அதான் இந்தக் கட்டுரை!

நான் ஐ.டி. டிபார்ட்மென்ட், மூணாவது வருஷம். இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட் இல்லைனா அடுத்த செமஸ்டர்ல ஹெச்.ஓ.டி. கண்ணை உருட்டுவார்ங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் கிளம்பினேன். கிடைச்சது குரோம்பேட்டைல ஒரு குட்டி கம்பெனி. கீழே மெடிக்கல் ஷாப், மேலே ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். கடைகளுக்காக அவங்க வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பித் தர்றதுதான் தொழில். 'மெயில் அனுப்புறதுக்கு ஒரு கம்பெனியா?'னு நான் மனசுக்குள்ள சிரிச்சதை டீம் லீடர் அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க. "சிரிக்காத. ஒரு வாரம் கழிச்சுப் பேசு"னு சொல்லி, என்னை ஒரு கடைக்கு அனுப்பி வெச்சாங்க.

அது மேற்கு தாம்பரத்துல, சண்முகம் ரோடு பக்கத்துல இருக்கிற ஸ்டேஷனரி கடை. ரெக்கார்டு நோட்டு, டிராஃப்டர், லேப் கோட், ஸ்கூல் பை, பிறந்தநாள் கிஃப்ட்னு எல்லாம் கிடைக்கும். ஓனருக்கு சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஏரியால எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

வாடிக்கைனா என்ன?

அக்கா எனக்குக் கொடுத்த முதல் பாடம், 'லாயல்டி ப்ரோகிராம்'னா என்னங்கிறது. திரும்பத் திரும்ப வர்ற கஸ்டமருக்கு ஏதோ ஒரு பலனைக் கொடுத்து, அவரை வேற கடைக்குப் போகாமப் பார்த்துக்கிறது. அவ்வளவுதான்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுனு நினைச்சிருந்தேன். அங்கே ஆரம்பிச்சதும் உண்மைதான். 1896-லயே 'எஸ் அண்ட் ஹெச்' பச்சை ஸ்டாம்ப்னு ஒண்ணு வந்திருக்கு. கடைல வாங்க வாங்க ஸ்டாம்ப் கொடுப்பாங்க. அதை நோட்டுல ஒட்டிச் சேர்த்து, பாத்திரம் பண்டமா மாத்திக்கலாம். 1981-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ், எத்தனை மைல் பறந்தீங்களோ அதைப் பாயின்ட்ஸாக்கிச்சு. 1995-ல பிரிட்டன்ல டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் 'கிளப்கார்டு' விட்டுச்சு. யார் என்ன வாங்குறாங்கனு கார்டு மூலமா கவனிச்சு, அவங்கவங்களுக்குத் தகுந்த கூப்பனைத் தபால்ல அனுப்பினாங்க. இன்னைக்கு நம்ம இன்பாக்ஸ்ல வர்ற 'உங்களுக்காகவே' மெயிலுக்கெல்லாம் தாத்தா அந்தத் தபால்தான். நம்ம நாட்டுலயும் ஷாப்பர்ஸ் ஸ்டாப் 1994-லயே 'ஃபர்ஸ்ட் சிட்டிசன்' கார்டு ஆரம்பிச்சுடுச்சு.

ஆனா அண்ணாச்சிகிட்ட இதையெல்லாம் சொன்னப்போ, அவர் அசரவே இல்லை. "தம்பி, வருஷப் பொறப்புக்குக் காலண்டர் குடுக்கோம். தீபாவளிக்குச் சீட்டுப் புடிக்கோம். மாசக் கடைசில காசில்லாதவருக்கு நோட்டுல எழுதிட்டுச் சாமான் குடுக்கோம். நகைக் கடைக்காரர் மாசச் சீட்டு போடுதாரு. இதுக்கெல்லாம் என்னன்னு பேரு?"னு கேட்டார்.

அட, ஆமால்ல! 'வாடிக்கை'ங்கிற வார்த்தைக்கே வழக்கம், பழக்கம்னுதான் அர்த்தம். 'வாடிக்கையாளர்'னா பழக்கமா வர்றவர். லாயல்டிங்கிற வார்த்தை இந்த ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சங்கதி இங்கே இருந்திருக்கு பாஸ்!

நாலு நோட்டு, ஒரு பயம்

அண்ணாச்சி கடைல பாயின்ட்ஸ் கணக்கு சிம்பிள். 100 ரூபாய்க்கு வாங்கினா 1 பாயின்ட். 1 பாயின்ட்னா 1 ரூபாய். ஒரு வருஷத்துக்குள்ள கழிச்சுக்கணும். பேரு, போன் நம்பர், பிறந்தநாள், மெயில் ஐடி... எல்லாம் நாலு பெரிய லெட்ஜர் நோட்டுல அவரவர் கையெழுத்துலயே இருந்துச்சு.

பிரச்னை என்னன்னா, தன் கணக்குல பாயின்ட்ஸ் இருக்குங்கிறதே பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத பாயின்ட்ஸ், கஸ்டமரைக் கடைக்கு இழுத்துட்டு வருமா? வராது. அதே சமயம் போன்ல ஒரு தட்டு தட்டினா, பத்து நிமிஷத்துல பேனாவும் நோட்டும் வீட்டு வாசலுக்கே வருது. ஜூன் மாச ஸ்கூல் சீசன்தான் ஸ்டேஷனரி கடைக்குத் தீபாவளி. அந்த சீசனே வருஷா வருஷம் இறங்கிட்டு இருந்துச்சு.

அண்ணாச்சியோட மகன் எம்.பி.ஏ. படிச்சவர். கல்லாவுல அவரும் உட்காருவார். முதல் நாளே என்கிட்ட ஓப்பனா சொல்லிட்டார்... "இந்த ஜூனும் சரியில்லைனா கடையை மொபைல் ஷோரூம்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு. சர்ட்டிஃபிகேட்டுக்காக வந்த பையன்கிட்ட, முப்பது வருஷக் கடையோட ஜாதகத்தைக் கொடுத்தா எப்படி?

ஏன் மெயில்?

'தாம்பரத்துல யாருய்யா மெயில் பார்க்கிறா?'னு நீங்க கேட்கிறது காதுல விழுது. நானும் அதையேதான் கேட்டேன். அக்கா விளக்கினாங்க. எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னா டிராய் விதிப்படி கம்பெனியையும், அனுப்புற வாசகத்தோட மாதிரியையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். ஒவ்வொரு மெசேஜுக்கும் காசு. எழுதவும் இடம் கம்மி. வாட்ஸ்அப்ல வியாபார மெசேஜை மொத்தமா அனுப்பினாலும் காசு. போதாததுக்கு, அது அவங்க ஃபேமிலி குரூப்புக்கும் ஃப்ரெண்ட்ஸுக்கும் நடுவுல போய்க் குதிக்கும். சட்டுனு பிளாக் பண்ணிடுவாங்க.

மெயில் அப்படி இல்லை. செலவு ரொம்பக் குறைவு. பாயின்ட்ஸ் கணக்கு முழுசையும் பட்டியலா அனுப்பலாம். அவர் இன்னைக்குப் படிக்கலைனாலும் அது அங்கேயே இருக்கும், தேவைப்படும்போது தேடி எடுத்துக்கலாம். அதோட, அந்த நோட்டுல மெயில் ஐடி எழுதினவங்க யாருனு பார்த்தா மெப்ஸ் கம்பெனிகள்ல, ஓ.எம்.ஆர். ஆபீஸ்கள்ல வேலை பார்க்கிறவங்க, ஸ்கூல் டீச்சர்ஸ், பேங்க் ஆட்கள். தினமும் மெயில் திறக்கிற ஜாதி! எழுதாதவங்களுக்குப் பழையபடி வாய்வார்த்தைதான். மெயில் எல்லாருக்குமானது இல்லைங்கிறதையும் அக்கா முதல்லயே சொல்லிட்டாங்க.

ஐம்பதாயிரம் ஐடி, அஞ்சாயிரம் ரூபாய்!

ரெண்டாவது வாரம்தான் ட்விஸ்ட். மகன் அண்ணனுக்கு ஒரு போன். 'தாம்பரம் டு செங்கல்பட்டு 50,000 மெயில் ஐடி, வெறும் 5,000 ரூபாய். எக்ஸெல் ஷீட்டா அனுப்பிடுறேன்'னு ஒருத்தர். அண்ணனுக்குக் கண்ணு விரிஞ்சுடுச்சு. "நம்ம நோட்டுல மெயில் ஐடி எழுதினவங்க ஆயிரத்துச் சொச்சம்தான். இதுல ஐம்பதாயிரம்! நூத்துல ஒருத்தர் வந்தாக்கூட 500 பேர் தம்பி!"

கணக்கு கேட்க நல்லாத்தான் இருக்கு. அக்கா என்னைத்தான் பதில் சொல்லச் சொன்னாங்க. நெட்வொர்க்ஸ் பேப்பருக்குப் படிச்சதெல்லாம் அன்னைக்குத்தான் உபயோகப்பட்டுச்சு.

விஷயம் இதுதான் பாஸ். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்புறவங்களுக்குக் கெடுபிடி பண்ணிட்டாங்க. அனுப்புறது நிஜமாவே நீங்கதானானு நிரூபிக்கணும். அதுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க்னு மூணு ஏற்பாடு. முதலாவது, உங்க பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதினு ஊருக்கே அறிவிக்கிற பட்டியல். ரெண்டாவது, மெயில் மேல போடுற டிஜிட்டல் முத்திரை, வழியில யாரும் மாத்தலைனு காட்டும். மூணாவது, இதுல எதுவும் ஒத்துப்போகலைனா அந்த மெயிலை என்ன பண்ணணும்னு நீங்க முன்கூட்டியே சொல்லி வைக்கிற உத்தரவு. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்பினா மூணும் கட்டாயம். விளம்பர மெயில்ல ஒரே கிளிக்ல விலகுற வசதியும் கட்டாயம்.

இதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. 'இது ஸ்பேம்'னு பட்டனை அழுத்துறவங்க 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. அதாவது, 1,000 பேருக்கு அனுப்பினா அதுல மூணு பேர் கடுப்பானாலே நம்ம பேர் கெட்டுப்போச்சு! முன்னபின்ன தெரியாத 50,000 பேருக்கு அனுப்பினா எத்தனை பேர் கடுப்பாவாங்க? செத்துப்போன ஐடிக்கெல்லாம் போய் மெயில் திரும்பி வரும், அதுவும் கெட்ட பேர். கடைசில, நம்ம நோட்டுல ஆசையா எழுதிக் கொடுத்த ஆயிரம் பேருக்கு அனுப்புற நல்ல மெயிலும் ஸ்பேம் ஃபோல்டருக்குள்ள போய் விழும். 1978-லயே கேரி துயர்க்னு ஒரு சேல்ஸ்மேன், கேட்காத சுமார் 400 பேருக்கு கம்ப்யூட்டர் விளம்பரத்தை ஒரே மெயிலா அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டார். உலகத்தோட முதல் ஸ்பேம்னு அதைத்தான் சொல்றாங்க!

நான் சொல்லி முடிச்சதும் அண்ணன் யோசனையா இருந்தார். அது வரைக்கும் பொட்டலம் கட்டிட்டே இருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். "அவன் நமக்கு ஊரான் அட்ரஸை விக்கான்னா, நாளைக்கு நம்ம ஆளுக அட்ரஸை எவன்கிட்ட விப்பான்? நம்ம நோட்டுல எழுதுனவக நம்மள நம்பி எழுதுனது. அது போதும் தம்பி"னார். அவ்வளவுதான். டீல் குளோஸ்!

"ஹலோ, அண்ணாச்சி கடைல இருந்து பேசுறேன்..."

ஆனா நம்ம நோட்டுலயும் ஒரு சிக்கல். என்னைக்கோ எழுதிக் கொடுத்தவங்க, இன்னைக்கு மெயில் அனுப்பச் சம்மதிப்பாங்களா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்துச்சு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்து, படிப்படியா அமலாகுது. சாராம்சம் இதுதான்... எதுக்காக வாங்குறோம்னு தெளிவாச் சொல்லி அனுமதி வாங்கணும். அனுமதி கொடுக்கிறது எவ்வளவு ஈஸியோ, அதைத் திரும்ப வாங்கிக்கிறதும் அவ்வளவு ஈஸியா இருக்கணும். அதனால அக்கா ஒரே போடாப் போட்டாங்க: "எல்லாருக்கும் போன் பண்ணி ஒரு தடவை கேட்டுடு."

எல்லாருக்குமா? கோடை வெயில்ல, பேன் ஓடாத மாடில, காதுல போனோட நான்! பாதி ஐடில சைபரா, 'ஓ'வானு தெரியாது. ஒருத்தர் 'ஜிமெயில்'ங்கிறதை 'ஜிமைல்'னு எழுதியிருந்தார். லோன் தர்ற ஆளுனு நினைச்சுக் கட் பண்ணினவங்க நிறைய. "அண்ணாச்சி நல்லாருக்காரா?"னு கேட்டவங்க அதைவிட நிறைய. "எம் பொண்ணு அந்தக் கடை பென்சில்லதான் படிச்சா, இப்போ டாக்டர்"னு ஒரு அம்மா கால் மணி நேரம் பேசினாங்க.

ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு வீடு. ஒரு சார் பேரைச் சொல்லிக் கேட்டேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வயசான அம்மா மெதுவாப் பேசினாங்க. "அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. மெயிலை மூட எனக்கு மனசு வரலை. பேரன்தான் எப்பவாவது திறந்து காட்டுவான். அவர் பிறந்தநாள் அன்னைக்கு எத்தனை கடைல இருந்து வாழ்த்து வருது தெரியுமா? 'இந்த நாள் இனிய நாள்'னு. அவருக்கு நான் விளக்கு ஏத்திட்டு இருப்பேன், அவங்க கேக் படம் அனுப்பியிருப்பாங்க."

எனக்கு என்ன சொல்றதுனே தெரியலை. "ஸாரிம்மா"னு மட்டும் வந்துச்சு.

அந்த வாழ்த்துகளை அனுப்பினவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அனுப்பினது மனுஷனே இல்லை, ஒரு ப்ரோகிராம். இன்றைய தேதியும் பிறந்த தேதியும் ஒண்ணா இருந்தா, டெம்ப்ளேட்டை அனுப்பு. முதல் செமஸ்டர்ல படிச்ச 'இஃப் கண்டிஷன்' பாஸ், அவ்வளவுதான்! அந்த கண்டிஷனுக்கு, ஆள் இருக்காரா இல்லையானு கேட்கத் தெரியாது. அதைக் கேட்க வேண்டியது, கோடு எழுதுற நம்மதான்.

சாயந்திரம் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். பேரைக் கேட்டதும் அவர் கையில இருந்த பேனாவைக் கீழே வெச்சார். "ஹெட்மாஸ்டர். பச்சை மை கேட்டு வாங்குவாரு. எனக்குத் தெரியவே இல்லியே..."னு சொல்லிட்டு, அவரே போன் போட்டுப் பேசினார். சாரோட பாயின்ட்ஸ் அந்த அம்மா பேருக்கு மாறுச்சு. பிறந்தநாள் வாழ்த்து வேண்டாம்னு அவங்க கேட்டதை எழுதிக்கிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அக்கா எங்க ஷீட்ல புதுசா ஒரு லிஸ்ட் போடச் சொன்னாங்க. தொழில்ல அதுக்கு 'சப்ரஷன் லிஸ்ட்'னு பேரு. அனுப்பக் கூடாதவங்க பட்டியல். எந்த மெயில் கிளம்பினாலும் முதல்ல இந்தப் பட்டியலோட ஒத்துப்பார்த்துட்டுத்தான் கிளம்பணும். வேண்டாம்னு சொன்னவங்க, ஐடி செத்துப்போனவங்க... ஆள் போய்ச் சேர்ந்தவங்க. நான் முதன்முதல்ல டைப் பண்ணின வரி, அந்த ஹெட்மாஸ்டர் சாரோட ஐடிதான்.

கடனைச் சொல்லாமக் கழிக்கலாமா?

அடுத்து, சரின்னு சொன்னவங்களைப் பிரிக்கணும். இதுக்கு 'ஆர்.எஃப்.எம்.'னு ஒரு பழைய முறை இருக்கு. கடைசியா எப்போ வந்தார், எத்தனை தடவை வந்தார், எவ்வளவுக்கு வாங்கினார். ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5 வரைக்கும் மார்க். அவ்வளவுதான், எக்ஸெல்லே போதும்! அடிக்கடி வந்துட்டு ஆறு மாசமாக் காணாமப் போனவர்தான் ரொம்ப முக்கியம். அவருக்குப் புதுசா வலை வீச வேண்டாம், ஞாபகப்படுத்தினா போதும்.

இங்கேதான் ஒரு விவாதம். நிறைய லாயல்டி திட்டங்கள்ல, கொடுத்த பாயின்ட்ஸ்ல ஒரு பகுதியை யாரும் பயன்படுத்தாமலே காலாவதியாகும். அதை 'பிரேக்கேஜ்'னு சொல்வாங்க. கணக்கு எழுதுறவங்களைப் பொறுத்தவரைக்கும், கொடுத்த பாயின்ட்ஸ் எல்லாம் கம்பெனி திருப்பித் தர வேண்டிய பாக்கி. காலாவதியானா பாக்கி போச்சு, லாபம் வந்துச்சு! அதனால ஞாபகப்படுத்தாம இருந்தாலே ஒரு லாபம் இருக்குங்கிறதுதான் இந்தத் தொழிலோட ரகசியம். மகன் அண்ணன்கூட "சும்மா இருக்கிறதை ஏன் கிளறணும்?"னு கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "அது பாக்கின்னா சொல்லுதீக?"னார். ஆமானு தலையாட்டினேன். "பாக்கியைச் சொல்லாம கழிச்சா, அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு தம்பி!"

முடிஞ்சுது விவாதம். பாயின்ட்ஸ் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடணும்னு தீர்மானமாச்சு. 'அய்யோ போச்சே, இன்னும் 2 நாள்தான்!'ங்கிற பூச்சாண்டி எல்லாம் கிடையாது.

மெயிலையும் சாதாரணமா எழுதினோம். தலைப்பு: 'உங்க கணக்குல 64 ரூபாய் இருக்கு'. உள்ளே நாலே வரி. எவ்வளவு பாயின்ட்ஸ், எந்தத் தேதி வரைக்கும், ஸ்கூல் சாமான் என்னென்ன வந்திருக்கு, மெயில் வேண்டாம்னா எங்கே அழுத்தணும். அந்த விலகுற பட்டனைப் பொடி எழுத்துல ஒளிச்சு வைக்கலை. அப்புறம், 'இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள்'னு போடலை. பதில் அனுப்பினா கடை கம்ப்யூட்டருக்கே வரும். அனுப்பின நேரம், காலைல தாம்பரத்துல இருந்து பீச் ட்ரெயின் கிளம்புற ஆபீஸ் நேரம். ஜன்னல் சீட்டு கிடைச்சவர் கையில போன்தானே இருக்கும்!

எத்தனை பேர் திறந்து பார்த்தாங்கங்கிற நம்பரை நம்பாதேனு அக்கா சொல்லியிருந்தாங்க. மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வெச்சு, அது லோடானா 'திறந்துட்டார்'னு கணக்கு வைப்பாங்க. 2021-ல ஆப்பிள் தன் மெயில்ல, ஆள் திறக்காட்டியும் படத்தை முன்கூட்டியே இறக்கிக்கிற மாதிரி ஒரு வசதியைக் கொண்டு வந்ததுல இருந்து அந்தக் கணக்கு தள்ளாட்டம்தான். அதனால நாங்க ரெண்டே விஷயத்தை எண்ணினோம். எத்தனை பேர் பதில் போட்டாங்க? எத்தனை பேர் மெயிலைக் காட்டிக் கடைக்கு வந்தாங்க?

பதில் வந்துச்சு பாஸ்! "பிரவுன் ஷீட் இருக்கா?", "எட்டாம் வகுப்புக்கு அட்லஸ் எடுத்து வைங்க, சனிக்கிழமை வர்றேன்", "லேப் கோட் எக்ஸ்.எல். சைஸ் உண்டா?" ஒருத்தர், "நான் இப்போ கோயம்புத்தூர்ல. பாயின்ட்ஸை வேற யாராவது ஸ்டூடன்ட்டுக்குக் கொடுங்க"னு எழுதியிருந்தார். அண்ணாச்சிக்கு நான் ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினேன். பதிலை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். ஜூன்ல மெயிலைக் காட்டி வந்தவங்க பேரை எழுதின நோட்டுப் பக்கம் நிறைஞ்சு, மறுபக்கம் திரும்புச்சு.

கடை தப்பிச்சுடுச்சானு கேட்டா... சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி எல்லாம் ஒண்ணும் நடக்கலை. பத்து நிமிஷ டெலிவரி ஓடிட்டுதான் இருக்கு. ஆனா மொபைல் ஷோரூம்காரங்ககிட்ட மகன் அண்ணன் சொன்ன பதில், "அடுத்த ஜூன் பார்த்துட்டுச் சொல்றேன்." நான் கிளம்பின அன்னைக்கு, அவரே பதில் மெயில் டைப் பண்ணக் கத்துக்கிட்டு இருந்தார், அப்பா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல.

நம்ம ரோட்டு சரக்கு!

இன்னொரு விஷயம். இந்த மெயில் சாஃப்ட்வேர் எல்லாம் கலிஃபோர்னியால இருந்து வருதுனு நினைச்சுட்டு இருந்தேன். தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்ல கூடுவாஞ்சேரி பக்கம் போனா ஸோஹோ கேம்பஸ் வந்துடும். 1996-ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு, 2009-ல ஸோஹோனு பேர் மாறின கம்பெனி. இதே வேலைக்குனே 'ஸோஹோ கேம்பெய்ன்ஸ்'னு ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க. கஸ்டமரோட மெயில்களுக்குப் பதில் சொல்ற சாஃப்ட்வேரோட 2010-ல கீழ்க்கட்டளைல ஒரு சின்ன இடத்துல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்டெஸ்க்தான், பின்னாடி ஃப்ரெஷ்வொர்க்ஸாகி 2021 செப்டம்பர்ல அமெரிக்க நாஸ்டாக் வரைக்கும் போச்சு. உலகம் பூரா இருக்கிற கடைகளுக்கு 'உங்க கஸ்டமரோட பேசுங்க'னு சொல்லித் தர்ற தொழில், நாம தினமும் டிராஃபிக்ல மாட்டுற ஏரியாலதான் நடக்குது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போறவங்க, கோடிங்கோட சேர்த்து இதையும் கொஞ்சம் படிச்சு வைங்க. பேச விஷயம் கிடைக்கும்.

போறதுக்கு முன்னாடி... உங்களுக்கு நாலு டிப்ஸ்!

* பில் போடும்போது போன் நம்பர் கேட்டா, கொடுத்தே ஆகணும்னு இல்லை. நம்பர் தரலைனா பில் தர மாட்டோம்னு கடைகள் அடம் பிடிக்கக் கூடாதுனு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியிருக்கு. பாயின்ட்ஸ் வேணும்னா கொடுங்க. வேண்டாம்னா சிரிச்சுட்டே "வேண்டாம்ணா"னு சொல்லுங்க.

* கடைகளுக்குனு தனியா ஒரு மெயில் ஐடி வெச்சுக்குங்க. ப்ளேஸ்மென்ட் மெயில், ஜட்டி ஆஃபருக்கு அடியில புதைஞ்சு போனா அப்புறம் அழக் கூடாது!

* தெரிஞ்ச கடைல இருந்து வர்ற மெயில் பிடிக்கலைனா முதல்ல அன்சப்ஸ்க்ரைப். கேட்காமலே வர்ற மெயிலுக்கு மட்டும் ஸ்பேம் பட்டன். மூணு பேர் அழுத்தினாலே ஒரு சின்னக் கடைக்கு என்ன ஆகும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

* நாளைக்கு நீங்களே இப்படி ஒரு ப்ரோகிராம் எழுதப் போறீங்கனா, மெயில் அனுப்புற கோடுக்கு முன்னாடி, அனுப்பக் கூடாதவங்க பட்டியலை எழுதுங்க.

எக்ஸெல் ஷீட்ல ஒவ்வொரு வரிசையும் ஒரு நம்பராத்தான் தெரியும் பாஸ். ஒரு தடவை போன் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு வரிசைக்குள்ளயும் ஒரு வீடு இருக்கும்!